பால்கனியில் மாட்டிய சென்சாரை நம்பலாமா?

காற்றாடி:
இவ்வளவு பெரிய ஊருக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் காற்று மாசு கண்காணிப்பு நிலையங்கள் இருந்தால் போதும் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. என் வீடு பிரதான சாலையை ஒட்டி இருக்கிறது, நிலையமோ பூங்காவுக்குள். சாலையை விட்டு இருநூறு முந்நூறு மீட்டர் தள்ளினாலே வண்டிப் புகை வெகுவாகக் குறைந்துவிடும். அங்கே எடுத்த எண் எனக்கு எதற்கு? வீட்டுக்கு வீடு மலிவு சென்சார் மாட்டினால் தெரு நிலவரம் தெரிந்துவிடும்.

நுண்தராசு:
தாராளமாக மாட்டுங்கள். ஆனால் அந்தப் பெட்டி எதையும் எடை போடுவதில்லை. லேசர் ஒளி காற்றிலுள்ள மாசுத் துகளில் பட்டுச் சிதறுவதைப் பார்த்து, எடை இவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கிறது. மூடுபனிக் காலையில் துகள்கள் ஈரத்தைக் குடித்து ஊதிக்கொள்ளும், எண் எகிறும். வெயில் ஏறியதும் தானாக இறங்கும். நிலையத்தில் அப்படியில்லை. வடிதாளை முதலில் எடை போட்டு, 24 மணி நேரம் அதன் வழியாகக் காற்றை இழுத்து, தாளின் ஈரம் சமனாகும்வரை வைத்திருந்து மறுபடி எடை போடுவார்கள். வெள்ளைத் தாள் சாம்பல் நிறமாகி வரும். அதுதான் அளவு.

காற்றாடி:
அந்த 24 மணி நேரச் சராசரிதான் என் சண்டையே! காலை எட்டு மணி நெரிசலில் நடந்து போகும் பிள்ளை சராசரியையா சுவாசிக்கிறது?

நுண்தராசு:
மணிக்கு மணி எண் தரும் பீட்டா கதிர்க் கருவிகளும் நிலையங்களில் உண்டு. பி.எம். 2.5க்கு, அதாவது 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான நுண்துகளுக்கு, உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஆண்டுச் சராசரி வரம்பைக் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. பத்து, இருபது தவறாகக் காட்டும் பெட்டியை வைத்து இதில் என்ன பேசுவது?

ஜன்னலோரம்:
குறுக்கே பேசுவதற்கு மன்னியுங்கள். ஒரே மாடலில் மூன்று வாங்கி ஒரே ஆணியில் தொங்கவிட்டேன். மூன்றும் மூன்று எண். ஆனால் ஏறுவதும் இறங்குவதும் ஒன்றாகத்தான். வாயு சென்சார் இன்னும் மோசம், ஓசோனைப் பார்த்து நைட்ரஜன் டை ஆக்சைடு என்று சொல்லும்.

நுண்தராசு:
ஏற்ற இறக்கம் மட்டும் போதும் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. எண்ணாக வேண்டுமென்றால் நிலையத்துக் கருவியின் பக்கத்திலேயே சில வாரம் வைத்துத் திருத்த வேண்டும். பருவம் மாறினால் மறுபடியும்.

காற்றாடி:
சரி, வைக்கிறேன். பூங்கா கேட்டைத் திறந்துவிடச் சொல்லுங்கள். போன வாரம் கேட்டதற்குக் கம்பிவேலிக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள்.