மறுமொழி: பள்ளி நிதிச் சொற்கள் – ‘குவாலிஃபைடு சர்டிஃபிகேஷன்’

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கலிபோர்னியப் பள்ளி நிதி அறிக்கைகளில் வரும் ‘குவாலிஃபைடு சர்டிஃபிகேஷன்’ என்பதற்கு, பெற்றோருக்குப் புரியும் தமிழ்ச் சொல் தேடும் பேச்சுக்கு இது என் பதில். நீங்கள் முன்வைத்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

> ‘தகுதிச் சான்று’ என்றே வைத்துவிடலாமே, சுருக்கமாக இருக்கிறது.

இது மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கலிபோர்னியாவில் ஒரு பள்ளி மாவட்டம் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) தன் நிதிநிலையைப் பற்றி ‘குவாலிஃபைடு’ என்று சான்றளித்தால் அது தேறிவிட்டது என்று பொருளல்ல. இந்த ஆண்டிலோ அடுத்த இரண்டு ஆண்டுகளிலோ கொடுக்க வேண்டியதைக் கொடுக்கக் கையில் காசு இல்லாமல் போகலாம் என்று பொருள். ‘தகுதிச் சான்று’ என்று படிக்கும் அம்மாவோ அப்பாவோ நல்ல சேதி என்று நினைத்துப் பள்ளிக் குழுக் கூட்டத்துக்கே போகாமல் இருந்துவிடுவார்.

இந்த ஏற்பாடு 1991இல் வந்த சட்டத்தால் பிறந்தது. ரிச்மண்ட் பள்ளி மாவட்டத்தில் பணம் தீர்ந்துபோய், கல்வியாண்டு முடிய ஆறு வாரம் இருக்கும்போதே பள்ளிகளை மூடப் பார்த்தார்கள். நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று. அப்படி ஒரு நிலை திடீரென்று வந்து நிற்கக் கூடாது என்றுதான் ஆண்டுக்கு இரண்டு இடைக்கால அறிக்கைகள் கேட்கிறார்கள். அக்டோபர் 31 வரையிலான கணக்கு டிசம்பர் நடுவிலும், ஜனவரி 31 வரையிலான கணக்கு மார்ச் நடுவிலும் வரும். ஒவ்வொன்றிலும் பாசிட்டிவ், குவாலிஃபைடு, நெகட்டிவ் என்ற மூன்றில் ஒன்று.

> ‘குறைபாட்டுச் சான்று’ என்றால் எச்சரிக்கை தெளிவாகத் தெரியும்.

தெரியும்தான். ஆனால் யாரோ தப்புச் செய்துவிட்டார்கள் என்பதுபோலவும் தொனிக்கிறதே. மோசமான நிர்வாகத்தால் இந்த நிலைக்கு வரும் மாவட்டங்களும் உண்டு, மறுக்கவில்லை. மாணவர் எண்ணிக்கை குறைவதும் ஒரு காரணம், ஏனென்றால் மாநிலம் வருகைப்பதிவைப் பார்த்துத்தான் பணம் தருகிறது. இவற்றோடு மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவிலிருந்து எவ்வளவு பணம் வரும் என்று தெரியாத சிக்கலும் சேர்ந்துகொள்கிறது.

நாட்காட்டியைப் பாருங்கள். ஆளுநரின் முதல் பட்ஜெட் முன்மொழிவு ஜனவரி 10க்குள். அதன் திருத்தம் மே நடுவில். சட்டமன்றம் நிறைவேற்றுவது ஜூன் 15க்குள். மாவட்டமோ வரும் ஆண்டில் வேலை இல்லாமல் போகக்கூடிய ஆசிரியர்களுக்கு மார்ச் 15க்குள் முன்னறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். மே மாதத் தொகை தெரிய இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போதே ஒருவர் கையில் அந்தக் கடிதத்தைக் கொடுக்கிறார்கள். அப்புறம் பணம் வந்து கடிதம் திரும்பப் பெறப்பட்டாலும், அதற்குள் அவர் வேறு மாவட்டத்தில் வேலை தேடியிருப்பார். நல்ல ஆசிரியர்கள் இப்படிக் கைநழுவுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

2023இல் நிலைமை இன்னும் மோசம். குளிர்காலப் புயல்களால் பெரும்பாலான கலிபோர்னியர்களுக்கு வருமான வரி கட்டும் கெடு ஏப்ரலிலிருந்து அக்டோபருக்கும், பிறகு நவம்பர் 16க்கும் தள்ளிப்போனது. மாநில வருவாயின் பெரும்பகுதி வருமான வரி; அதிலும் பெரும்பங்கு பணக்காரர்களின் பங்குச்சந்தை லாபத்தோடு ஏறி இறங்குவது. ஆக, எவ்வளவு வரி வரும் என்று தெரியாமலே ஜூனில் பட்ஜெட் நிறைவேறியது. ஆண்டு இறுதியில் பார்த்தால் எதிர்பார்த்ததைவிட வெகுவாகக் குறைவு. 1988இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 98ஆம் முன்மொழிவு பள்ளிகளுக்குக் குறைந்தபட்ச நிதியை உறுதி செய்கிறது, சரி. ஆனால் அந்தக் குறைந்தபட்சமே வருவாயோடு சேர்ந்து ஆடுகிறது. மாவட்டக் கணக்காளர் மூன்று ஆண்டுக்கு எழுதும் மதிப்பீட்டின் அடித்தளம் இதுதான். இதை ‘குறைபாடு’ என்று அவர் தலையில் போடுவது நியாயமில்லை.

‘நிபந்தனைச் சான்று’ என்றும் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். இங்கே யாரும் யாருக்கும் நிபந்தனை விதிக்கவில்லை, அதனால் பொருந்தாது.

அந்த மூன்று சான்றுகளுக்கும் சட்டம் சொல்வது இவ்வளவுதான்: நிதிக் கடமையை நிறைவேற்ற இயலும் (பாசிட்டிவ்); இயலாமற் போகலாம் (குவாலிஃபைடு); இயலாது (நெகட்டிவ்). நடுவில் இருப்பது ஐயம். முதலில் ‘ஐயச் சான்று’ என்று யோசித்தேன். ஆனால் சான்றே நம்பத்தகாதது என்று படிக்க இடம் இருக்கிறது. ஐயம் நிதிநிலையைப் பற்றியது, சான்றைப் பற்றியது அல்ல. எனவே என் பரிந்துரை ‘ஐயநிலைச் சான்று’. மற்ற இரண்டும் ‘இயல்நிலைச் சான்று’, ‘இயலாநிலைச் சான்று’.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்கலாம்: “இரண்டாம் இடைக்கால அறிக்கையில் மாவட்டம் ஐயநிலைச் சான்று அளித்துள்ளது. எனவே கௌண்டி கல்வி அலுவலகத்தின் கண்காணிப்பு கூடும்.” (கௌண்டி என்பது மாநிலத்துக்குள் அடங்கிய நிர்வாகப் பிரிவு; அதன் கல்வி அலுவலகம் பள்ளி மாவட்டங்களை மேற்பார்க்கிறது.) எனக்கு இடறவில்லை. ‘இயல்நிலை’ மட்டும் ‘இயல்பு நிலை’ என்று காதில் விழுமோ என்ற தயக்கம் உண்டு. ‘இயலும்நிலை’ என்று விரித்துக்கொள்ளலாமா?

பட்ஜெட்டுக்கு ‘வரவு செலவுத் திட்டம்’, ‘பாதீடு’ இரண்டையும் பட்டியலில் வைப்போம். இலங்கைப் பெற்றோருக்குப் பின்னதே பழக்கம்.

அடுத்து ‘டெஃபரல்’ என்ற சொல். ஜூனில் தர வேண்டிய பணத்தை மாநிலம் ஜூலைக்குத் தள்ளி, அடுத்த நிதியாண்டுக் கணக்கில் எழுதுவது. வெறும் ‘ஒத்திவைப்பு’ போதுமா என்று தனி இழையில் கேட்கிறேன்.