ஆய்வாளரை எடைபோடும் அறையில்: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

தேர்வுக் குழுவில் இருந்தவர்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வுப் பணியிடத்துக்கான தேர்வுக் குழுவில் முதன்முறையாக அமர்ந்தேன். ஒரே இடத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்திருந்தன. கூட்டம் தொடங்குவதற்கு முன்பே அவை அனைத்தும் அட்டவணையாக்கப்பட்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கட்டுரைகளின் எண்ணிக்கை, மொத்த மேற்கோள்கள் (பிற கட்டுரைகள் அவற்றைச் சுட்டிய எண்ணிக்கை), எச்-இன்டெக்ஸ் (கட்டுரைகளையும் மேற்கோள்களையும் இணைத்துப் பார்க்கும் ஓர் எண்), கட்டுரைகள் வெளியான ஆய்விதழ்களின் தாக்கக் காரணிகளைக் கூட்டிய தொகை ஆகிய நான்கும் நிரப்பப்பட்டிருந்தன. கடைசி நிரலின்படி வரிசைப்படுத்துமாறு தலைவர் சொன்னார். இருபதாவது பெயருக்குக் கீழே ஒரு கோடு விழுந்தது. அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. எவருடைய கட்டுரையையும் யாரும் திறந்து பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டு வேறொரு தேவைக்காக ஒரு சிறிய ஆய்விதழைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, எங்கள் ஆய்வகம் நெடுநாள் திணறிக்கொண்டிருந்த அளவீட்டுப் பிழை ஒன்றுக்கு மிகத் தெளிவான தீர்வு கண்ணில் பட்டது. எழுதியவரின் பெயரை எங்கோ பார்த்த நினைவு. பழைய அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். கோட்டுக்கு வெகு கீழே இருந்தது.

அந்தக் கடைசி நிரல் உண்மையில் எதை அளந்தது என்பதை அதற்குப் பிறகுதான் ஆற அமர யோசித்தேன். ஓர் ஆய்விதழில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியானவற்றுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களை, அந்த இரண்டு ஆண்டுகளில் வெளியான கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதே தாக்கக் காரணி. தகவல் அறிவியலாளர் யூஜின் கார்ஃபீல்டு இதை உருவாக்கியது, எதை எது மேற்கோள் காட்டுகிறது என்று தொகுக்கும் மேற்கோள் அட்டவணையில் எந்த இதழ்களைச் சேர்ப்பது என்று முடிவெடுப்பதற்காகவே. மனிதர்களைத் தேர்ந்தெடுப்பதற்காக அல்ல. மேலும், எந்த இதழிலும் மேற்கோள்கள் சமமாகப் பரவுவதில்லை. ஒருசில கட்டுரைகள் அள்ளிக் குவிக்க, பெரும்பாலானவை அந்தச் சராசரிக்குக் கீழேயே நிற்கின்றன. அப்படியிருக்க, இதழின் சராசரியைக் கட்டுரையின் தலையில் ஏற்றி, அதையும் கூட்டி ஒரு மனிதரின் மதிப்பாக எழுதியிருந்தோம். இதைச் செய்யவே கூடாது என்பதுதான் 2012 டிசம்பரில் உருவாகி 2013-ல் வெளியான, ஆய்வு மதிப்பீட்டைப் பற்றிய சான் பிரான்சிஸ்கோ அறிவிப்பின் முதல் பரிந்துரை. நாங்கள் கூடியது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து.

உங்கள் அறைகளில் என்ன நடந்தது? மேசையின் எந்தப் பக்கம் அமர்ந்திருந்தாலும் எழுதுங்கள்.

தரவுத்தொகுப்பைப் பராமரிப்பவர்

நான் மேசையின் மறுபக்கம் இருந்தவன். ஒன்பது ஆண்டுகளாக ஒரு தரவுத்தொகுப்பையும் அதைக் கையாளும் மென்பொருளையும் பராமரித்து வருகிறேன். பிழை திருத்துவதும், பயன்படுத்துவோரின் கேள்விகளுக்குப் பதில் எழுதுவதும், அளவீட்டு முறை மாறும்போது பழைய பதிவுகளைப் புதியவற்றோடு ஒப்பிடத்தக்கதாக மாற்றுவதுமே என் நாள். பதவி உயர்வுப் படிவத்தில் இவற்றுக்கு இருந்த இடம் "பிற" என்ற இரண்டு வரிப் பெட்டி. கட்டுரைகளில் என் பெயர் எப்போதும் பட்டியலின் நடுவில் வரும். நேர்காணலில் ஒருவர், "முதல் ஆசிரியராக எத்தனை?" என்று கேட்டார். நான் சொன்ன எண்ணைக் குறித்துக்கொண்டார். அடுத்த கேள்வி இல்லை.

அதே விண்ணப்பத்தை ஈராண்டுகள் கழித்து வேறிடத்தில் அளித்தபோது, ஒவ்வொரு கட்டுரையிலும் நான் என்ன செய்தேன் என்று தனித்தனியே கேட்டிருந்தார்கள். இப்போது பல இதழ்கள் பயன்படுத்தும் கிரெடிட் என்ற வகைப்பாட்டில் 14 வகைப் பங்களிப்புகள் உள்ளன. தரவுப் பராமரிப்பும் மென்பொருளும் அவற்றில் தனித் தனி இனங்கள். அந்தச் சொற்கள் கிடைத்த பிறகு என்னைப் பற்றி நானே வேறுவிதமாக எழுத முடிந்தது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2013-லேயே விண்ணப்பதாரரின் "வெளியீடுகள்" என்ற தலைப்பை "ஆக்கங்கள்" என மாற்றி, தரவுக்கும் மென்பொருளுக்கும் இடம் தந்துவிட்டது. படிவத்தில் ஒரு சொல் மாறுவதற்கு எவ்வளவு விலை உண்டு என்பது "பிற" பெட்டிக்குள் இருந்தவர்களுக்குத் தெரியும்.

இடைவெளிக்குப் பின் திரும்பியவர்

குழந்தை பிறந்த பிறகு இரண்டரை ஆண்டுகள் ஆய்விலிருந்து விலகியிருந்தேன். திரும்பி வந்து கலந்துகொண்ட நேர்காணலில் என் ஆய்வைப் பற்றிய கேள்விகளைவிட அந்த இடைவெளியைப் பற்றிய கேள்விகளே அதிகம். என்னோடு ஒரே ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றவருடன் என் எச்-இன்டெக்ஸை ஒப்பிட்டார்கள். இயற்பியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ் 2005-ல் முன்மொழிந்த அந்த எண், இத்தனை கட்டுரைகள் ஒவ்வொன்றும் அத்தனை முறையாவது மேற்கோள் காட்டப்பட்டுள்ளன என்று மட்டுமே சொல்கிறது. அது ஏறும், இறங்காது. களத்தில் நின்ற காலத்துக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. ஐரோப்பிய ஆராய்ச்சிக் குழு தன் ஆய்வு நிதி நல்கைகளுக்கு முனைவர் பட்டத்துக்குப் பின் விண்ணப்பிக்கும் தகுதிக் காலத்தைத் தாய்மார்களுக்கு ஒரு குழந்தைக்கு 18 மாதங்கள் நீட்டிக்கிறது என்பதை அந்த அறையில் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

எண்களை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. 1997-ல் ஆய்வாளர்கள் வெனராஸும் வோல்டும் சுவீடன் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் மதிப்பெண்களை ஆராய்ந்தபோது, ஆணுக்குக் கிடைத்த அதே மதிப்பெண்ணைப் பெற ஒரு பெண் சுமார் இரண்டரை மடங்கு ஆக்கம் காட்ட வேண்டியிருந்தது தெரியவந்தது. அங்கே மதிப்பெண் இட்டவர்கள் மனிதர்கள்தாம்.

பெயர் தெரியாத ஆய்வகத்திலிருந்து வந்தவர்

மேலே உள்ளவற்றோடு நான் உடன்படுகிறேன், ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என்னைக் காப்பாற்றியது எண்தான். என் வழிகாட்டியை எங்கள் துறைக்கு வெளியே யாருக்கும் தெரியாது. எனக்காகப் பரிந்துரைக் கடிதம் எழுதியவர்களும் அப்படியே. குழுவில் ஒருவர் என் விண்ணப்பத்தை ஒதுக்க முனைந்தபோது, "இவருடைய கட்டுரையை இத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்களே" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். பின்னாளில் அவரே என்னிடம் சொன்னது இது. அந்த எண் இல்லாதிருந்தால், அவர் என் பக்கம் பேசுவதற்கு என்ன பிடிமானம் இருந்திருக்கும்?

இப்போது நானும் விண்ணப்பங்களை மதிப்பிடுகிறேன். பட்டியலுக்குப் பதிலாகப் பங்களிப்பை விவரித்து எழுதும் தன்விவரக் குறிப்புகள் வருகின்றன. அறிவியல் கழகமான லண்டன் ராயல் சொசைட்டி 2019-ல் வெளியிட்ட மாதிரிக்குப் பிறகு இம்முறை பரவியிருக்கிறது. மாணவர்களை வளர்த்ததும், தவறான முடிவைத் தானே திரும்பப் பெற்றதும் அவற்றில் தெரிகின்றன. அது பெரிய ஆதாயம். ஆனால் சரளமாக எழுதத் தெரிந்தவரும், விண்ணப்பத்தைத் திருத்தித் தர அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவரும் அங்கே முந்திக்கொள்கிறார்கள். தன்னைப் பற்றிப் பெருமையாக எழுதக் கூசுபவர் பின்தங்குகிறார். என் முதல் சுற்றில் நான் அதிக மதிப்பெண் இட்ட விண்ணப்பம் மிக நன்றாக எழுதப்பட்டது; ஆய்வைப் படித்துப் பார்த்தபோது அவ்வளவு நன்றாக இல்லை.

நல்கைக் குழு உறுப்பினர்

ஒரு சிறு குறிப்பு. தகுதிபெற்ற விண்ணப்பங்களுக்குள் சீட்டுக் குலுக்கிய ஒரு குழுவில் இருந்தேன். நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சிக் குழு 2013-ல் ஒரு சிறு நல்கைத் திட்டத்தில் இதைத் தொடங்கியது. 15-வது இடத்துக்கும் 16-வது இடத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை எங்களால் உண்மையில் காண முடியவில்லை என்று ஒப்புக்கொள்வது சங்கடமாக இருந்தது, பிறகு நிம்மதியாக இருந்தது. நெதர்லாந்தின் இளம் ஆய்வாளர் நல்கையைப் பற்றி 2018-ல் வந்த ஆய்வின்படி, வெட்டுக்கோட்டுக்குச் சற்று மேலே நின்றவர்கள் அடுத்த எட்டு ஆண்டுகளில், சற்றுக் கீழே நின்றவர்களைவிட இரு மடங்குக்கும் அதிகமான நிதியைப் பெற்றார்கள். காண முடியாத வேறுபாடு அவ்வளவு தூரம் வளர்கிறது.

தேர்வுக் குழுவில் இருந்தவர்

எண் தன்னைக் காப்பாற்றியது என்று எழுதியவருக்கு: நீங்கள் சொன்ன பிறகு என் எண்ணத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். உங்களைப் பொறுத்தவரை அந்த எண் ஒருவரை உங்கள் கட்டுரையின் பக்கம் திருப்பியது. எங்கள் அறையில் அதே எண் கட்டுரையைத் திறக்காமலிருக்க எங்களுக்கு அனுமதி கொடுத்தது. ஆய்வு அளவீடுகளைப் பற்றிய லைடன் அறிக்கை 2015-ல் தன் பத்துக் கொள்கைகளில் முதலாவதாக, அளவீடு நிபுணர் மதிப்பீட்டுக்குத் துணை நிற்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. அளவீட்டையே விலக்கச் சொல்லவில்லை.

இந்த முறை எங்கள் குழு ஒவ்வொருவரிடமும் மூன்று ஆக்கங்களையும், அவற்றில் தன் பங்கு என்ன என்பதை அரைப் பக்கத்தில் எளிய நடையிலும் கேட்டிருக்கிறது. மொழிநடைக்கு மதிப்பெண் இல்லை. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் இருவர் தனித்தனியே படித்து, கூட்டத்துக்கு முன்பே குறிப்பு எழுதிவிட வேண்டும். எண்கள் அதற்குப் பிறகுதான் எங்கள் கைக்கு வரும். இதற்காக மற்றப் பணிகளிலிருந்து ஒரு வாரம் விடுவிக்கக் கேட்டோம், மூன்று நாட்கள் கிடைத்தன. என் பங்குக்கு 34 விண்ணப்பங்கள். நேற்றிரவு வரை 11 படித்திருக்கிறேன்.