ஜூலையில் அம்மா வருகிறார்: வில்லியம்ஸ்பர்க் ஜில்யோ திருவிழாவுக்குப் போகலாமா?

ஜெர்சிக்காரி:
இத்தாலியர்களின் தெருத் திருவிழா ஒன்றை அம்மாவுக்குக் காட்ட ஆசை. நியூயார்க்கில், மன்ஹாட்டன் சான் ஜெனாரோ திருவிழா செப்டம்பரில்தான். அதற்குள் அம்மா ஊருக்குக் கிளம்பிவிடுவார். புரூக்ளினில் ஜூலையில் நடப்பதற்குப் போனவர்கள் உண்டா? அம்மாவுக்கு முழங்கால் வலி. சைவம் வேறு.

ஹேவ்மெயர் தெரு:
நான் திருவிழா நடக்கும் ஹேவ்மெயர் தெருவில் குடியிருந்தவன். தாராளமாகப் போங்கள், ஆனால் ஜில்யோ தூக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். மற்ற நாட்களில் அது வெறும் ராட்டினமும் தீனிக் கடையும்தான்.

ஜில்யோ என்பது 70 அடிக்கு மேல் உயரமான கோபுரம், எடை 4 டன் அளவு. உச்சியில் புனித பவுலினுஸ். அடித்தட்டில் பேண்டு வாத்தியக்காரர்கள் ஏறி நின்று வாசிக்கிறார்கள். அவர்களையும் சேர்த்தே நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தோளில் தூக்குகிறார்கள். நம்மூர்ச் சப்பரம் பார்த்த அம்மாவுக்கு விளக்கவே வேண்டாம். எல்லாம் 'காப்போ' (தூக்குகிறவர்களை நடத்தும் தலைவர்) கைத்தடியை அசைப்பதைப் பொறுத்தது. கூட்டத்தைப் பார்க்காதீர்கள், அவர் முகத்தைப் பாருங்கள். அந்த இடத்துக்கு வர ஆளுக்குப் பல வருடம் ஆகும்.

நேப்பிள்ஸ் பக்கத்து நோலா ஊரிலிருந்து வந்தவர்கள் 1903-இல் இங்கே தொடங்கியது. ஒரு கைம்பெண்ணின் மகனை மீட்க, பவுலினுஸ் தானே அடிமையாகப் போனார் என்பது கதை. திரும்பியவரை ஊரார் லில்லிப் பூவோடு வரவேற்றார்களாம் (ஜில்யோ என்றால் லில்லி). அவர் விடுதலையாக உதவியதாகக் கதையில் வரும் துருக்கியருக்கும் தனியாக ஒரு படகு உண்டு, அதையும் தோளில்தான் சுமப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் படகும் கோபுரமும் எதிரெதிரே வரும் கட்டத்தை மட்டும் தவற விடாதீர்கள்.

பழைய கோயிலை நெடுஞ்சாலைக்காக இடித்துவிட்டார்கள். இத்தாலியக் குடும்பங்களும் பெரும்பாலும் லாங் ஐலண்டு, ஜெர்சி என்று போய்விட்டன. தூக்குவதற்கு மட்டும் மகன், பேரனோடு வந்துவிடுவார்கள். வாடகை ஏறியபின் குடிவந்த இளசுகள் ஜன்னலில் நின்று சத்தம் என்று முணுமுணுப்பார்கள். (எனக்கு அவர்கள்மேல் இரக்கம் கிடையாது.)

பசிக்கிறது:
சைவத்துக்கு செப்போலே. மாவை எண்ணெயில் பொரித்து, பையில் சர்க்கரை போட்டுக் குலுக்கித் தருவார்கள். முட்டை உண்டா, அதே எண்ணெயில் வேறென்ன பொரிக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

ஜெர்சிக்காரி:
நன்றி! ரயிலா, காரா?

ஹேவ்மெயர் தெரு:
காரை எடுக்கவே எடுக்காதீர்கள். எல் ரயிலில் லாரிமர் நிறுத்தம், அங்கிருந்து நடை. மடக்கு நாற்காலி ஒன்று கொண்டு போங்கள், நிழல் பக்கத்து நடைபாதையில் முன்னாடியே போட்டுவிடுங்கள். அம்மாவுக்குத் தொப்பியும்.