வார்ஃபரினா, புதிய மாத்திரையா: மூன்று வீடுகளின் அனுபவம்

பினாங்கு ஜார்ஜ்டவுனிலிருந்து, வயது 69

எனக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றிப் படபடக்கும் நோய், இருப்பது தெரிந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அப்படிப் படபடக்கும் அறையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். மற்றவர்களைவிட எங்களுக்கு அந்த ஆபத்து ஏறத்தாழ 5 மடங்கு அதிகம். அதனால் மருத்துவர் முதலில், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் கொடுத்தார். ரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர் அளவு 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும் என்றும், இறங்கினால் ரத்தம் உறையும், ஏறினால் கசியும் என்றும் மருந்தாளர் விளக்கிக் குறிப்பேடு ஒன்றையும் தந்தார்.

தைப்பூசத்துக்கு 48 நாள் விரதமிருந்து தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுப்பது என் வழக்கம். விரதம் தொடங்கினால் வீட்டில் முருங்கைக்கீரையும் கங்கோங்கும் நாள் தவறாமல் இருக்கும். கீரையிலுள்ள வைட்டமின் கே வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும் என்பதால், ஓர் ஆண்டு தை மாதத்தில் என் ஐ.என்.ஆர் 1.4-க்கு இறங்கிவிட்டது. "கீரையை விடச் சொல்லவில்லை ஐயா, ஆண்டு முழுவதும் ஒரே அளவில் சாப்பிடுங்கள் என்றுதான் சொல்கிறேன்" என்றார் மருந்தாளர்.

அதைவிடப் பெரிய அச்சம் பல்வலியால் வந்தது. ஒரு கிளினிக்கில் மெட்ரோனிடஸோல் என்ற கிருமிக்கொல்லி கொடுத்தார்கள். அது வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டிவிடும். வார்ஃபரின் சாப்பிடுகிறேனா என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் காலை பல் துலக்கியபோது தொட்டியில் விழுந்த நுரை முழுவதும் சிவப்பாக இருந்தது. வாய் கொப்பளித்துக் கொப்பளித்துப் பார்த்தும் நிற்கவில்லை. மருத்துவமனையில் பரிசோதித்தபோது ஐ.என்.ஆர் 6.8.

அதன்பிறகுதான் மாற்றுவதைப் பற்றிப் பேசினோம். எந்த மருந்து சிறந்தது என்று நான் கேட்டேன். இதய நிபுணரோ என் வால்வு எப்படி, சிறுநீரகம் எப்படி, எடை எவ்வளவு என்றே கேட்டார். புதிய மாத்திரைகளில் டாபிகாட்ரான் பெரும்பகுதி சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுவது. எனக்கோ, சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் சற்றுக் கூடுதல், போதாததற்குப் பழைய வயிற்றுப் புண்ணும் உண்டு. ரிவரோக்ஸபான் ஒரு நாளுக்கு ஒன்றுதான் என்றாலும் உணவோடு விழுங்க வேண்டும். சஷ்டியன்று முழுப்பட்டினி இருக்கும் எனக்கு அது சரிப்படாது. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துத்தான் அபிக்ஸாபேன் 5 மில்லிகிராம், இரு வேளை என்று முடிவானது. வார்ஃபரினை நிறுத்தி, ஐ.என்.ஆர் 2-க்குக் கீழ் வந்த பிறகே புதியதைத் தொடங்கினார்கள். இந்த இடைவெளியைத் தாமாக யாரும் கணக்கிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செந்தூலிலிருந்து

ஐயா எழுதியதைப் படித்தவர்கள் உடனே மாற்றிக்கொள்ள நினைக்கலாம் என்பதால் எங்கள் வீட்டு நிலையையும் எழுதுகிறேன். என் கணவருக்குச் சிறுவயதில் வந்த ருமேட்டிக் காய்ச்சலால் (தொண்டைத் தொற்றுக்குப் பின் வந்து இதய வால்வைக் கெடுக்கும் நோய்) இதயத்தின் இடப்பக்க மைட்ரல் வால்வு மிகவும் சுருங்கிவிட்டது. அவர் சாப்பிடுவது வார்ஃபரின். ஐ.என்.ஆர் பார்க்க மாதந்தோறும் ஊசி குத்தி ரத்தம் கொடுப்பதில் சலித்துப்போய்ப் புதிய மாத்திரை வேண்டும் என்று நாங்கள் மன்றாடியும் மருத்துவர் மறுத்துவிட்டார். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. செலவுக்கு அஞ்சி மறுக்கிறார்கள் என்றே நினைத்தேன். ருமேட்டிக் வால்வு நோய் உள்ளவர்களில் ரிவரோக்ஸபான் எடுத்தவர்களைவிட வார்ஃபரின் வகை மருந்து எடுத்தவர்களிடையே இறப்பு குறைவு என்று 2022-இல் வெளியான ஆய்வை அவரே எடுத்துக் காட்டிய பிறகுதான் மனம் அமைதியானது. உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் வார்ஃபரின்தான்.

ஆயர் ஈத்தாமிலிருந்து

என் அம்மாவுக்கு வயது 83, எடை 51 கிலோ. வயது 80-ஐத் தாண்டி, எடையும் 60-க்குக் குறைவாக இருப்பதால் அபிக்ஸாபேன் 2.5 மில்லிகிராம் இரு வேளை கொடுத்தார்கள். குறைந்த அளவு என்பதால் குறைந்த கவனம் போதும் என்று நானும் இருந்துவிட்டேன்.

சென்ற தீபாவளிக்கு அலமாரியைத் துடைத்தபோது, அரிசி டப்பாவின் பின்னால் ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய மாத்திரை அட்டைகள் கிடைத்தன. எண்ணிப் பார்த்தேன், சரியாக ஒரு மாதத்துக்கான மாத்திரைகள். இரவு மாத்திரையை அம்மா விழுங்காமல் சேர்த்து வைத்திருக்கிறார். "இவ்வளவு வெள்ளி கொடுத்து வாங்குறே, ஒரு வேளை போதும்மா" என்றார். வார்ஃபரின் உடலில் சில நாள்கள் தங்கும். அபிக்ஸாபேனின் அளவோ அரை நாளில் பாதியாகிவிடும் என்பதால், அவ்விரவுகளில் எல்லாம் அம்மா போதிய பாதுகாப்பின்றித்தான் உறங்கியிருக்கிறார் என்பதை மருத்துவர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது.

மாத்திரையை வாங்கிக் கொடுப்பதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்த என்னால் அதை இன்றும் ஏற்க முடியவில்லை. செலவு தாளாவிட்டால் அரசாங்க மருத்துவமனையில் வார்ஃபரினுக்கே திரும்பலாம், ஒழுங்காகச் சாப்பிடும் வார்ஃபரின் பாதி நாள் விடுபடும் புதிய மாத்திரையைவிட மேல் என்று மருத்துவர் வெளிப்படையாகவே சொன்னார். அண்ணனும் நானும் கலந்து பேசி, செலவைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். விலையை அம்மாவிடம் சொல்வதில்லை. இப்போது இரவு எட்டு மணிக்கு நானே பக்கத்தில் அமர்ந்து, அவர் விழுங்கித் தண்ணீர் குடித்து முடித்த பிறகுதான் எழுந்திருக்கிறேன்.