கை நடுங்கிக்கொண்டே இருந்தால் மோட்டார் த்ரெஷோல்ட் எப்படி எடுப்பது? (பார்க்கின்சன், மனச்சோர்வு, ஆர்டிஎம்எஸ்)

கேள்வி (டிஎம்எஸ் டெக்னீஷியன்):
பார்க்கின்சன் நோயாளிக்கு மனச்சோர்வுக்காக ஆர்டிஎம்எஸ் (தலைமேல் 'காயில்' என்ற காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டும் சிகிச்சை) இடது முன்நெற்றிப் புறணியில் 10 ஹெர்ட்ஸ், மோட்டார் த்ரெஷோல்டில் (கட்டைவிரலைத் துடிக்க வைக்கும் மிகக் குறைந்த பல்ஸ் வலு) 120%, 3000 பல்ஸ் என்று எழுதியிருக்கிறார்கள். வலது கையில் ஓய்வு நடுக்கம். கட்டைவிரல் துடிப்பது பல்ஸாலா, நடுக்கத்தாலா என்று கண்ணால் பிரிக்க முடியவில்லை. த்ரெஷோல்ட் முதல் நாள் கருவியின் அளவில் 48 வந்தது, மறுநாள் 57. எதை வைத்துக்கொள்வது? மாத்திரை போடும் முன் எடுக்கணுமா, பின்னா?

பதில் 1:
இரண்டையும் நம்பாதீங்க. நடுங்கும் தசை ஏற்கெனவே பாதி வேலையில் இருக்கிறது. அதனால் குறைந்த பல்ஸுக்கே துடிக்கும், த்ரெஷோல்ட் பொய்யாகக் குறையும். 48-ஐ வைத்து 120% போட்டால் 58 வரும். உண்மை 57 என்றால் அது வெறும் 102%தான். 20 நாள் வந்துபோயும் பலன் இல்லை என்பார்கள். அதற்காக 57ஐயும் அப்படியே எடுக்க முடியாது. காயில் சரியான புள்ளியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் விலகினாலும் எண் ஏறும். அப்போது டோஸ் கூடி வலிப்பு அபாயம் வரும்.

இஎம்ஜி (தசையின் மின் அலையைப் பதியும் கருவி) வையுங்கள். எலக்ட்ரோடு கட்டைவிரல் அடித்தசையில், எர்த் மணிக்கட்டில். பல்ஸுக்கு முந்தைய 100 மில்லி செகண்ட் கோடு தட்டையாக இருந்தால் மட்டும் அந்தப் பல்ஸைக் கணக்கில் சேருங்கள். கை தசையின் பதில் 20-25 மில்லி செகண்டில் வரும். நடுக்கம் 4-6 ஹெர்ட்ஸில் தன்பாட்டுக்கு ஓடும், பல்ஸோடு ஒட்டி வராது. 10 பல்ஸில் 5 முறை 50 மைக்ரோவோல்ட் தாண்டும் மிகக் குறைந்த அளவுதான் உங்கள் எண். பல்ஸுகளுக்கு நடுவே 5 செகண்டாவது விடுங்கள்.

இன்னொன்று: அளக்கும்போது அவரிடம் பேச்சுக் கொடுக்காதீங்க. மனக்கணக்கோ பதற்றமோ வந்தால் நடுக்கம் ஏறும். கையை ஒருமுறை அசைத்துவிட்டு மறுபடி தலையணையில் வைக்கச் சொன்னால் சில நொடி அடங்கும். அந்த இடைவெளியில் பல்ஸ் கொடுங்கள்.

பதில் 2:
மாத்திரை நேரம்: லெவோடோபா (பார்க்கின்சன் மாத்திரை) போட்டு சுமார் ஒரு மணி நேரம் கழித்து, 'ஆன்' நிலையில், அதாவது மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் எடுங்கள். செஷனும் தினமும் அதே இடைவெளியில்தான் இருக்கணும். ஒருநாள் 'ஆன்', மறுநாள் 'ஆஃப்' (மாத்திரை தீர்ந்த நேரம்) என்று இருந்தாலே எண் ஆடும்.

அந்த 'ஆன்' உச்சத்தில் டிஸ்கைனீசியா (தானாக வரும் உடல் அசைவு) உள்ளவருக்குத் தலை நழுவும். 4 செகண்ட் ஓட்டி 26 செகண்ட் விடும் பழைய அமைப்பில் 3000 பல்ஸுக்கு 37 நிமிஷத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரம் காயில் எஃப்3 புள்ளியில் (இடது முன்நெற்றிக்கான தலைக் குறியிடம்) நிற்பது சிரமம். 600 பல்ஸ் தீட்டா பர்ஸ்ட் (பல்ஸைக் கொத்துக்கொத்தாகக் கொடுக்கும் முறை) மூன்று நிமிஷத்தில் முடியும். ஆனால் பார்க்கின்சன் ஆய்வுகள் பெரும்பாலும் 10 ஹெர்ட்ஸ் போன்ற சாதாரண அதிவேக முறையில்தான் நடந்திருக்கின்றன. அதனால் முதலில் ஹெட்ரெஸ்டைச் சரிசெய்து பாருங்கள்.

முடிந்ததும் சட்டென எழுப்பாதீங்க. இவர்களுக்கு நிற்கும்போது பிபி இறங்கும். ரிக்ளைனரை நிமிர்த்தி இரண்டு நிமிஷம் உட்கார வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி சார். அவர் க்ளோனாஸெபாம் எடுக்கிறார், தூக்கத்தில் கத்துகிறாராம். பிரச்சினையா?

பதில் 3 (மனநல மருத்துவர்):
வலிப்பு பக்கம் பிரச்சினை இல்லை, ஆனால் க்ளோனாஸெபாம் போன்ற பென்சோடயஸெபைன் மருந்து எடுப்பவர்களுக்குப் பலன் குறைவாக வரலாம். அதற்காக நடுவில் நிறுத்தவே கூடாது, திடீர் நிறுத்தம்தான் வலிப்பைக் கொண்டுவரும். டோஸ் மாறாமல் இருக்கட்டும், மாறினால் த்ரெஷோல்டைத் திரும்ப எடுங்கள். வலிப்புக்காகக் கவனிக்க வேண்டிய மருந்துகள் ப்யூப்ரோபியான், க்ளோஸபைன், ட்ரமடால். ஆழ்மூளைத் தூண்டல் கருவி பொருத்தியிருந்தால் நரம்பியல் மருத்துவர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் தொடாதீங்க.

தொடங்கும் முன் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: இந்தச் சோர்வு நாள் முழுக்க இருக்கிறதா, மாத்திரை தீரும் நேரத்தில் மட்டும் வருகிறதா? இரண்டாவது என்றால் சரிசெய்ய வேண்டியது லெவோடோபா இடைவெளியை, காந்தம் வேண்டாம். முகபாவமின்மை, மந்தம், தூக்கக்கேடு எல்லாம் பார்க்கின்சனிலேயே உண்டு. மனச்சோர்வை அளக்கும் ஹாமில்டன் அளவுகோலில் அவையும் மதிப்பெண் ஏற்றிவிடும். 15 கேள்வி முதியோர் மனச்சோர்வு அளவுகோலையும் சேர்த்துப் போடுங்கள்.

குடும்பத்துக்கு உள்ளதைச் சொல்லுங்கள். 2020 ஐரோப்பிய நிபுணர் பரிந்துரை இதை 'பி' நிலையில், அதாவது அநேகமாகப் பலன் இருக்கும் என்ற அளவில்தான் வைத்தது. 2016-ல் வந்த பல மைய ஆய்வில் இரண்டு வாரம் கொடுத்தும் மனநிலையில் போலிக் காயிலை (ஒப்பிடுவதற்காக வைக்கும் பொய்ச் சிகிச்சை) விட மேலாக வரவில்லை. 10 செஷனில் முடிவு கட்டாமல் 20-30 வரை வரமுடிகிறவரா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.