எலக்ட்ரான் நுண்ணோக்கியால் அணுவின் அதிர்வை அளக்க முடியுமா?

கேள்வி:
தனி அணுவின் அதிர்வை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அளந்திருப்பதாகப் படித்தேன். சிலிக்கான் படிகத்தில் அணுக்கள் நொடிக்கு 15 லட்சம் கோடி முறை வரை அதிர்கின்றன. ஒரு படம் பதிவாகவோ சில நொடிகள் பிடிக்கும். படத்தில் அணுக்கள் சற்று மங்கித் தெரிவதைக் கொண்டுதான் அதிர்வைக் கணக்கிடுகிறார்களா?

பதில் 1:
மங்கலிலும் செய்தி உண்டு, ஆனால் அது பாதிதான். 60 கிலோவோல்ட்டில் முடுக்கப்பட்ட எலக்ட்ரான் ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய 45 விழுக்காட்டு வேகத்தில் பாய்வதால், 30 நானோமீட்டர் தடிமனுள்ள மாதிரியை ஏறத்தாழ கால் ஃபெம்டோநொடியில் (ஒரு ஃபெம்டோநொடி என்பது நொடியின் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு) கடந்துவிடுகிறது. சிலிக்கானின் மிக விரைவான அதிர்வு ஒருமுறை நிகழவே 65 ஃபெம்டோநொடி வேண்டும். ஆகவே ஒவ்வொரு எலக்ட்ரானும் சந்திப்பது அசையாமல் நிற்கும் அணுக்களைத்தான். அத்தகைய எண்ணற்ற நிலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்ததே நாம் காணும் படம். அணு எவ்வளவு தூரம் விலகுகிறது என்பதை அதிலிருந்து கணிக்கலாமே தவிர, அதிர்வெண்ணை அறிய இயலாது.

அதிர்வெண்ணைத் தருவது, மாதிரியைக் கடக்கும் எலக்ட்ரானின் ஆற்றல் இழப்பு. சிலிக்கானில் ஒரு ஃபோனானை, அதாவது படிக அதிர்வின் ஓர் ஆற்றல் துணுக்கை, உண்டாக்கும் எலக்ட்ரான் தன் 60,000 எலக்ட்ரான்வோல்ட்டில் அதிகபட்சம் 64 மில்லி எலக்ட்ரான்வோல்ட்டை மட்டுமே இழக்கிறது. நுண்ணோக்கிக்கு எலக்ட்ரான்களை வழங்கும் குளிர் புல உமிழ்வு மூலத்திலிருந்து வரும் கற்றைக்கே ஏறத்தாழ 300 மில்லி எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் பரவல் இருப்பதால், இச்சிறு இழப்பு அதற்குள் மறைந்துபோகும். 2014இல் கிரிவானெக்கும் அவருடன் பணியாற்றியோரும் ஏறக்குறைய ஒரே ஆற்றலுள்ள எலக்ட்ரான்களை மட்டும் கடக்கவிடும் மோனோகுரோமேட்டரைக் கொண்டு அப்பரவலைச் சுமார் 10 மில்லி எலக்ட்ரான்வோல்ட்டாகக் குறுக்கிய பிறகே அதிர்வு உச்சங்கள் நிறமாலையில் தனித்துத் தெரிந்தன. கற்றையின் பெரும்பகுதியை அதற்காக இழக்க வேண்டியிருக்கிறது.

பதில் 2:
மேலே சொன்னது சரி; ஆனால் கற்றை எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதான் சமிக்ஞை வருகிறது என்று எண்ணிவிடக் கூடாது. போரான் நைட்ரைடு போன்ற துருவப் பொருள்களில் (அணுக்கள் எதிரெதிர் மின்னூட்டம் கொண்டவை) அதிரும் மின்னூட்டங்களின் மின்புலத்தால் நிகழும் இருமுனைச் சிதறல் பல பத்து நானோமீட்டர் தொலைவுக்கு எட்டுவதால், கற்றை மாதிரிக்கு வெளியே வெற்றிடத்தில் நிற்கும்போதுகூட உச்சம் தெரியும். (கதிர்வீச்சால் எளிதில் சிதையும் கரிமப் பொருள்களுக்கு இதுவே பெரும் நன்மை.) தனி அணுவை அணுக, அணுவுக்கு மிக அருகே சென்று பெரிய கோணத்தில் சிதறிய எலக்ட்ரான்களை மட்டும் சேகரிக்க வேண்டும். கிராஃபீனில் (ஓரணுத் தடிமனுள்ள கார்பன் தாள்) பதிந்த ஒற்றைச் சிலிக்கான் அணுவின் அதிர்வை இங்கிலாந்தின் டேர்ஸ்பரியில் உள்ள சூப்பர்ஸ்டெம் ஆய்வகக் குழுவினர் 2020இல் பதிவுசெய்தது இவ்வழியில்தான். எந்த ஆய்வுக் கட்டுரையானாலும் சேகரிப்புக் கோணத்தைப் பார்த்த பிறகே அதன் படங்களை நம்புவேன்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. வெப்பநிலையையும் இதே நிறமாலையிலிருந்து அறிய முடியுமா?

பதில் 1:
முடியும். ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் படிகத்திடமிருந்து சில எலக்ட்ரான்கள் ஆற்றலைப் பெற்றும் வெளியேறுகின்றன. 300 கெல்வினில், 64 மில்லி எலக்ட்ரான்வோல்ட்டில் உள்ள ஆற்றல் பெறும் உச்சம், இழக்கும் உச்சத்தில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு உயரமிருக்கும். சூடேறச் சூடேற இவ்விகிதம் உயரும். இரண்டையும் வகுத்தாலே வெப்பநிலை கிடைத்துவிடுவதால், தனியாக ஒப்பளவு மாதிரி தேவைப்படுவதில்லை.