லேன் ஸ்டேலிக்குப் பிறகு ஆலிஸ் இன் செயின்ஸ்: உங்களை இன்னும் விடாத ஒரு தருணம்

மூன்றுகால் நாய் (ஜெயநகர்):

2002 மே கடைசியில், பெங்களூரு ஜெயநகர் நான்காம் பிளாக்கில் ஒரு பிரவுசிங் சென்டரில் அரைமணி நேரத்துக்குப் பணம் கட்டிவிட்டு, வேலைக்கு விண்ணப்பம் அனுப்ப உட்கார்ந்தபோதுதான், ஆலிஸ் இன் செயின்ஸ் என்ற சியாட்டில் ராக் குழுவின் பாடகர் லேன் இறந்த செய்தியைப் படித்தேன். ஏப்ரல் 5 அன்று இறந்தவரை 19 அன்றுதான் கண்டார்கள் என்றும், அவருடைய கணக்கிலிருந்து பணமே எடுக்கப்படாததைக் கவனித்த கணக்காளர்கள் முன்னாள் மேலாளரிடம் சொல்லி, அவர் தாயாரிடம் சொன்ன பிறகே கதவு திறக்கப்பட்டது என்றும் எழுதியிருந்தது. வயது 34. அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்துத் தரச் சொன்னேன். மை தீர்ந்துகொண்டிருந்ததால் கீழ்ப்பாதி வெளுத்துப் போய், அந்த இரண்டு வாரக் கணக்கு இருந்த பத்தி மட்டும் படிக்க முடியாமல் வந்தது. கடைக்காரர் பாதிக் காசு போதும் என்றார். விண்ணப்பத்தை அன்று நான் அனுப்பவில்லை. அப்போது நானும் தனியறைவாசி என்பதால், அன்றிரவு வீட்டுக்காரம்மாவிடம் வாடகையை ஐந்து நாள் முன்னதாகவே கொடுத்து, தேவையில்லாமல் நாலு வார்த்தை பேசிவிட்டு வந்தேன்.

குழுவில் மீதி இருந்தவர்கள் மீண்டும் சேர்ந்ததை நான் நெடுநாள் ஏற்கவில்லை. நீங்கள் அதை எங்கே, எப்படி எதிர்கொண்டீர்கள் என்று எழுதுங்கள். லேன் இடத்தில் பாட வந்த டுவால் நல்லவரா கெட்டவரா என்ற பட்டிமன்றம் வேண்டாம்.

அக்கரைப்பேட்டை (ஈஜிபுரா):

எனக்குப் பாடல்களைப் பற்றி உங்கள் அளவுக்குத் தெரியாது. ஆனாலும் இந்தக் குழுவின் பெயரைக் கேட்டாலே உறுத்துகிற ஒன்று இருக்கிறது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை, இரவுப் பணி முடிந்து ஈஜிபுரா அறையில் தூங்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் ஊர் போய்ச் சேர்ந்தபோது விசைப்படகுகள் சாலையில் சாய்ந்து கிடந்தன. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்; எழுத வேண்டியவர்கள் எழுதிவிட்டார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஊர் ஊராக வந்திறங்கிய பழைய துணிகளைப் பிரிக்கிற வேலையில் மூன்று வாரம் இருந்தேன். கிழிந்த கம்பளிச் சட்டைகளும் ஒற்றைக் காலுறைகளும் மூட்டை மூட்டையாக வந்தன. எங்கள் ஊர் வெயிலில் கம்பளியை யார் போடுவது? யாரும் எடுக்காமல் சாலையோரத்திலேயே கிடந்து அவை மட்கின. அன்றிலிருந்து ‘நிவாரணம்’ என்ற சொல்லை யார் சொன்னாலும் எனக்கு அந்த ஈரக் கம்பளி நாற்றம்தான் வரும்.

2009இல் ஓர் இரவு அறைத்தோழன் கணினியில் ஒரு புதிய ஆல்பத்தைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். அது எதுவென்று இப்போது எல்லோருக்கும் தெரிந்திருக்கும்: 14 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வந்த அவர்களுடைய முதல் ஆல்பம், ‘பிளாக் கிவ்ஸ் வே டு புளூ’. நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். அவன் திரும்பி, பாடகர் இறந்த பிறகு சிதறிக் கிடந்த இவர்களை மீண்டும் ஒரே மேடையில் சேர்த்ததே சுனாமி நிவாரண நிகழ்ச்சிதான் என்றும், 2005 பிப்ரவரி 18 அன்று சியாட்டிலில் அது நடந்தது என்றும், டிரம்ஸ் வாசிக்கும் ஷான் கின்னிதான் முன்கை எடுத்தார் என்றும் மகிழ்ச்சியோடு சொல்லிவிட்டு, “உங்கள் ஊருக்காகத்தான் சேர்ந்தார்கள்” என்று முடித்தான். நான் வடிதட்டைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் ஊர்ப் பிணங்களின் மேல் ஏறி நின்று இவர்கள் கச்சேரியை ஆரம்பித்தார்களா என்று கேட்டேன். அதைவிட மோசமாகவும் இரண்டொன்று சொன்னேன். அவன் பதிலே பேசவில்லை. அடுத்த மாதமே வேறு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் மேல் எனக்கு என்ன கோபம் என்று இன்றும் தெரியவில்லை.

மிஸ்ர சாபு (மல்லேஸ்வரம்):

என் அனுபவம் சிறியது. ‘தெம் போன்ஸ்’ பாட்டின் தொடக்கம் ஏழு எண்ணிக்கையில் ஓடுவது இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். மிருதங்க வகுப்புக்கு முன்னால் அதை நான் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்த என் ஆசிரியர், ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்து, இரண்டே சுற்றில் தொடையில் தகிட தகதிமி என்று தட்டத் தொடங்கி, “மிஸ்ரம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு கோபம்?” என்று சிரித்தார். பாடுகிறவர் யார் என்று கேட்டார். இறந்துவிட்டார் என்றேன். தட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. ஹெட்போனைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, அன்று வகுப்பு முடியும்வரை வேறு எதுவும் பேசவில்லை.

ஈஜிபுரா நண்பருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். அந்த ஆல்பத்தை நீங்கள் நேரடியாக, அதுவும் கணினியின் ஒலிபெருக்கியில், சமையல் சத்தத்தோடு கேட்டதுதான் தவறு. 1994இல் வந்த ‘ஜார் ஆஃப் ஃபிளைஸ்’ குறுந்தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். அமெரிக்க பில்போர்டு பட்டியலில் முதல் வாரத்திலேயே முதலிடம் பிடித்த முதல் குறுந்தொகுப்பு அது. கத்தல் குறைவு, கிட்டாரில் ஒரு வீட்டுத் தனிமை இருக்கும். பிறகு 1996இல் அக்கூஸ்டிக் கிட்டாரோடு வாசித்த அன்பிளக்டு நிகழ்ச்சியைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், பார்க்காதீர்கள். பார்த்தால் லேனின் நலிந்த உடம்பைத்தான் பார்ப்பீர்கள், பாட்டைக் கேட்க மாட்டீர்கள். அடுத்து 2002இல் குழுவின் கிட்டார்க்காரர் கான்ட்ரெல் தனியாக வெளியிட்டு லேனுக்குக் காணிக்கையாக்கிய ஆல்பம். அதன் கச்சேரிகளுக்காகக் கான்ட்ரெலோடு ஊர் ஊராகப் போனவர்களில் டுவாலும் ஒருவர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டால், அவர் வாசலில் திடீரென்று வந்து நின்ற அந்நியர் அல்லர் என்பது விளங்கும். இவ்வளவும் முடிந்த பிறகு 2009க்கு வாருங்கள். இரவுப் பணி முடிந்த காலையில் மட்டும் கேட்காதீர்கள். தோழரிடம் மன்னிப்புக் கேட்பதாக இருந்தால் குறுஞ்செய்தி வேண்டாம், நேரில் போங்கள், கையில் ஏதாவது கொண்டு போங்கள்.

பழைய கேசட் (பிரேசர் டவுன்):

இழையைத் தொடங்கியவர் பட்டிமன்றம் வேண்டாம் என்றார். மல்லேஸ்வரத்துக்காரர் பாடத்திட்டமே போட்டுவிட்டார். ஈஜிபுரா நண்பரே, உங்கள் துயரத்தில் குறுக்கிடுவதாக நினைக்க வேண்டாம். ஆனால் அந்த நிகழ்ச்சி சுனாமியால் பாதிக்கப்பட்ட எல்லோருக்குமாக நடத்தப்பட்டது. இந்தோனேசியாவும் இலங்கையும் அதில் அடங்கும். “உங்கள் ஊருக்காக” என்பது உங்கள் தோழர் போட்ட சர்க்கரை. மேலும், அந்த இரவு நிரந்தரமாகச் சேர்வதற்கென்று நடந்ததும் அல்ல. வேறு வேறு பாடகர்கள் வந்து பாடினார்கள். டுவால் அதற்கும் பின்னால் வந்தவர்.

என் கதை இது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, இந்திராநகரில் ஒரு மதுவிடுதியில் வாரம் ஒருமுறை வாசிக்கும் உள்ளூர்க் குழு ஒன்று இருந்தது. பாடிக்கொண்டிருந்த பையன் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டான். அடுத்த வாரம் மீதி மூன்று பேரும் வந்து, ‘டவுன் இன் எ ஹோல்’ பாட்டை ஆரம்பித்தார்கள். அது இரண்டு குரல்கள் ஒட்டிக்கொண்டே போகும் பாட்டு என்பது உங்களுக்குத் தெரியும். கிட்டார் வாசித்தவர் கான்ட்ரெலின் வரியை மட்டும் பாடினார். லேனின் வரியை யாரும் பாடவில்லை. அந்த இணைவரி தனியாகக் கேட்டபோது வேறு ஏதோ பாட்டு மாதிரி இருந்தது, மெட்டே பிடிபடவில்லை. முதல் சரணம் முடிவதற்குள் அங்கங்கே மேசைகளிலிருந்து ஒருவர் இருவராக விடுபட்ட வரியை முணுமுணுக்கத் தொடங்கினார்கள். நானும் வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டிருக்க வேண்டும். இன்னொருவரைக் கொண்டுவந்து அதே வரியைப் பாடச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

ஏரிக்கரை (அல்சூர்):

பழைய கேசட் ஐயாவுக்கு மரியாதையோடு ஒரு மறுப்பு. ஒருவேளை மதுவிடுதியில் ஒரு வாரம் வெற்றிடத்தை விடலாம். ஆண்டுக்கணக்கில் விட்டால் பாட்டே போய்விடும்.

எங்கள் தெருவில் மார்கழி பஜனை உண்டு. முன்னே பாடிக்கொண்டு போகும் பெரியவரை நாங்கள் எல்லோரும் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவர் இறந்த ஆண்டு பஜனையே நடக்கவில்லை. மறு ஆண்டு என் அப்பாவைப் பாடச் சொன்னார்கள். தாத்தாவுக்கு உச்சக்குரல், அப்பாவுக்குக் கனத்த குரல். ஹார்மோனியம் வாசிப்பவரோ பழக்கத்தில் தாத்தாவின் சுருதியிலேயே ஆரம்பித்துவிட்டார். அப்பா நிறுத்தச் சொல்லவில்லை. விடியற்காலைக் குளிரில், கழுத்து நரம்பு புடைக்க, எட்டாத சுருதியில் தெருமுனைப் பிள்ளையார் கோயில்வரை பாடிக்கொண்டே போனார். மூன்று இடங்களில் குரல் உடைந்தது. வழக்கமாக வாசலில் நின்று கேட்கிற ஒரு மாமி அன்று கதவை மூடிக்கொண்டார். அந்தக் கதவுச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. மறுநாள் சுருதியை இரண்டு கட்டை இறக்கினார்கள். அதன் பிறகு இன்றுவரை அது இறங்கிய சுருதியில்தான் நடக்கிறது. அந்த மாமி வாரக் கடைசியில் கதவைத் திறந்தார்.

2009 ஆல்பத்தின் கடைசிப் பாட்டை நான் கேட்டது அதற்கும் பல ஆண்டுகள் கழித்துத்தான். லேன் சிறுவயதில் முதன்முதலாகப் போன கச்சேரி எல்டன் ஜானுடையது. லேனை வழியனுப்புகிற அந்தப் பாட்டில் பியானோ வாசிப்பவரும் எல்டன் ஜான்தான். கான்ட்ரெல் கேட்டுக்கொண்டதால் வாசித்துக் கொடுத்தார். பாடுபவர் கான்ட்ரெலே. அதாவது லேன் மாதிரிப் பாட அங்கே யாரும் முயலவில்லை ஐயா. நீங்கள் கேட்ட வெற்றிடம் அந்தப் பாட்டில் அப்படியே இருக்கிறது. கேட்காமலே மறுக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய கேசட் (பிரேசர் டவுன்):

கேட்டிருக்கிறேன் அம்மா. பாதியில் நிறுத்திவிட்டேன்.

மூன்றுகால் நாய் (ஜெயநகர்):

பட்டிமன்றம் வேண்டாம் என்று நான் எழுதியது யார் கண்ணிலும் படவில்லை போலிருக்கிறது. போகட்டும். கதவை மூடிய மாமி நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு வாரம் போதவில்லை, ஏழெட்டு ஆண்டு பிடித்தது.

அக்கரைப்பேட்டை (ஈஜிபுரா):

பழைய கேசட் எழுதியதைப் படித்ததிலிருந்து ஒன்றை யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் முதல் பதிவில் தோழன் “உங்கள் ஊருக்காகத்தான் சேர்ந்தார்கள்” என்று சொன்னதாக எழுதினேன். நேற்றிரவு அந்த அறையை, அடுப்பை, அவன் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். அவன் அப்படிச் சொல்லவில்லை. “சுனாமியில் போனவர்களுக்காகச் சேர்ந்தார்கள்” என்று மட்டுமே சொன்னான். ஊர் என்ற சொல் அவன் வாயிலிருந்து வரவே இல்லை, நானாகச் சேர்த்துக்கொண்டது. இத்தனை ஆண்டுகளாக அவன் சொன்னதாகவே அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்வதற்கு முன்பே அவன் கை ஒலிபெருக்கியின் திருகிக்குப் போய்ச் சத்தத்தைக் குறைத்திருந்தது.